ரெட்யூஸ்டு: எதைவிடக் குறைவு?

1998 ஜனவரி 1 அன்று அமெரிக்கக் கடைகளில் ஒரு பாலின் பெயர் மாறியது. 2 சதவீதம் கொழுப்புள்ள அந்தப் பால், அதற்கு முந்தைய நாள் வரை ‘லோ ஃபேட்’ என்ற பெயரில் விற்றது. புத்தாண்டு முதல் அதை ‘ரெட்யூஸ்டு ஃபேட்’ என்றுதான் அச்சிட வேண்டும் என்றது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. பாலில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு கோப்பைக்கு முன்பும் 5 கிராம் கொழுப்பு, பின்பும் 5 கிராம்தான். ஒரு முறை பரிமாறும் அளவில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் ‘லோ’ என்று போடக் கூடாது என்ற கணக்கு மற்ற உணவுகளுக்கு 1994-லேயே வந்துவிட்டது. பாலுக்கு வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின.

ஒரு பெயரடையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட ஒரு நாட்டு அரசு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காரணம், அந்த இரண்டு சொற்களும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. ‘லோ’ என்பது ஒரு வரம்பு. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் போடலாம், மேலே போனால் போடக் கூடாது. ‘ரெட்யூஸ்டு’ என்பது ஓர் ஒப்பீடு. வேறு ஏதோ ஒன்றோடு வைத்துப் பார்த்தால் இதில் குறைவு என்று மட்டுமே அது சொல்கிறது. அந்த ‘வேறு ஏதோ ஒன்று’ எவ்வளவு என்று தெரியாதவரை, கையில் இருக்கும் பொருளைப் பற்றி அது எதையும் சொல்லிவிடவில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. விளம்பரங்களில் ‘கொழுப்பு குறைந்த’ என்று ஒரே தொடரைத்தான் இரண்டுக்கும் போடுகிறார்கள். உண்மையிலேயே கொழுப்பு சொற்பமாக உள்ள பொருளும், ஏராளமாக இருந்து கொஞ்சம் எடுக்கப்பட்ட பொருளும் ஒரே பெயரில் கடையில் நிற்கின்றன.

வீட்டுக்கு வரும் ஆவின் பாலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஆரஞ்சு பாக்கெட் நிறை கொழுப்புப் பால்; கொழுப்பு 6 சதவீதம். பச்சை பாக்கெட் நிலைப்படுத்தப்பட்ட பால், 4.5 சதவீதம். நீல பாக்கெட் சமன்படுத்தப்பட்ட பால், 3 சதவீதம். பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும் குடும்பத்துக்கு, அரை லிட்டருக்குச் சுமார் 22 கிராம் கொழுப்பு 15 கிராமாக இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ‘ரெட்யூஸ்டு’ என்று அழைக்க இது போதும். ஆனால் அதே நீல பாக்கெட் ‘லோ ஃபேட்’ ஆகிவிடாது. திரவ உணவுக்கு அந்தப் பெயர் கிடைக்க 100 மில்லியில் கொழுப்பு 1.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலில் இருப்பதே 1.5 சதவீதம்தான், ஏறத்தாழ எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒரே நீல பாக்கெட், பச்சையோடு ஒப்பிட்டால் குறைக்கப்பட்டது, வரம்போடு ஒப்பிட்டால் குறைவானது அல்ல. இரண்டும் உண்மைதான்.

இந்தச் சமன்படுத்தப்பட்ட பாலுக்குப் பின்னால் நல்ல வரலாறும் உண்டு. 1940-களில் பம்பாயில் பாலுக்குக் கடும் தட்டுப்பாடு. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி, விலையும் மிகுதி. அதில் கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் தண்ணீரையும் சேர்த்து, கொழுப்பைக் குறைத்து, மற்றச் சத்துகளைக் காப்பாற்றி, ஏழைகளுக்கு எட்டும் விலையில் தரும் வழியை உருவாக்கியவர் தாரா குரோடி. வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் 1963-ல் மகசேசே விருது பெற்றவர் அவர். உடல் மெலிய வேண்டும் என்பதற்காக யாரும் அன்று கொழுப்பைக் குறைக்கவில்லை. நிறையக் குழந்தைகளுக்குப் பால் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குறைத்தார்கள். இன்றைய பால் பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்பதும் எண்ணாகவே அச்சாகிறது. ஒரு சொல்லை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது.

மற்றப் பொருள்களில் அந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1990-ல் ஊட்டச்சத்து விவரச்சீட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ‘ரெட்யூஸ்டு’ என்று போட வேண்டுமானால் வழக்கமான பொருளைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். உலக நாடுகளுக்குப் பொதுவான உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் கணக்கும் 25 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் இயற்றிய சட்டத்தில் 30 சதவீதம் கேட்கிறது. உப்புக்கு மட்டும் 25. அமெரிக்கக் கடையில் ‘ரெட்யூஸ்டு’ என்ற பட்டத்தோடு நிற்கும் ஒரு டப்பா, கடல் தாண்டினால் அந்தப் பட்டத்தை இழந்துவிடலாம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான விதிகளை 2018-ல் வெளியிட்டது.

சதவீதத்தின் தந்திரம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். 100 கிராமில் 34 கிராம் கொழுப்பு உள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் குறைத்தால் மிச்சம் சுமார் 24 கிராம். திட உணவுக்கு ‘லோ ஃபேட்’ வரம்பு 100 கிராமுக்கு 3 கிராம். கடுமையான ஐரோப்பிய விதிப்படி ‘ரெட்யூஸ்டு’ பட்டம் வாங்கிய அந்தச் சிப்ஸ், ‘லோ’ வரம்பைப் போல எட்டு மடங்கு கொழுப்போடு இருக்கிறது. எவ்வளவு அதிகத்திலிருந்து தொடங்குகிறோமோ, அவ்வளவு எளிதாகக் கால் பங்கைக் குறைத்துக் காட்டலாம்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம். எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள்?

அமெரிக்காவில் பெரிதும் விற்கும் பீநட் பட்டர்களில் ஒன்று ஜிஃப். அதன் வழக்கமான வகையில் இரண்டு மேசைக்கரண்டிக்கு 16 கிராம் கொழுப்பு. ‘ரெட்யூஸ்டு ஃபேட்’ வகையில் 12 கிராம். சரியாக 25 சதவீதம் குறைவு; சட்டம் கேட்ட அளவு, ஒரு கிராம்கூடக் கூடுதல் இல்லை. ஆனால் இரண்டு டப்பாக்களிலும் கலோரி ஒன்றுதான்: 190. கொழுப்பு குறைந்தும் கலோரி குறையாதது எப்படி? வேர்க்கடலையை எடுத்த இடத்தில் மக்காச்சோளப் பாகுத் தூளும் சர்க்கரையும் வந்து அமர்ந்துவிட்டன. கார்போஹைட்ரேட் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. அமெரிக்கச் சட்டப்படி பீநட் பட்டர் என்று அழைக்க 90 சதவீதம் வேர்க்கடலை இருந்தாக வேண்டும். இந்தக் குறைக்கப்பட்ட வகையில் 60 சதவீதம்தான் கடலை. அதனால் அதை ‘பீநட் பட்டர் ஸ்ப்ரெட்’ என்று வேறு பெயரில் விற்கிறார்கள்.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. மேலுறையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் வேர்க்கடலையில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்பு. அதை எடுத்துவிட்டுச் சர்க்கரையை வைத்ததை ஆரோக்கியம் என்று நினைத்து, ஒரு தாய் பிள்ளையின் ரொட்டியில் தடவுகிறாள். பெயரடை எடுத்ததைத்தான் சொன்னது. வைத்ததைச் சொல்லும் கடமை அதற்கு இல்லை. அந்தச் செய்தி டப்பாவின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

1990-களில் அமெரிக்கா முழுவதுமே இந்தப் பாதையில் நடந்தது. கொழுப்புதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்று மருத்துவ உலகம் எச்சரித்துக்கொண்டிருந்த காலம். நபிஸ்கோ நிறுவனம் 1992-ல் ஸ்நாக்வெல்ஸ் என்ற பெயரில் கொழுப்பில்லாத, கொழுப்பு குறைந்த பிஸ்கட் வகைகளைக் கொண்டுவந்தது. அதன் சாக்லேட் குக்கிகளுக்குக் கடைகளில் அடிதடி. கொழுப்பு இல்லை என்று முகப்பில் இருந்ததால் மனம் கணக்குப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. இரண்டு தின்ன வேண்டியவர்கள் பாதி டப்பாவைத் தின்றார்கள். ‘நல்ல பொருள்’ என்ற நம்பிக்கையில் அளவு மீறித் தின்பதற்கு ‘ஸ்நாக்வெல் விளைவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1998-ல் சுவைக்காக அந்த நிறுவனமே குக்கிகளில் கொழுப்பைத் திரும்பச் சேர்த்தது.

ஐரோப்பியச் சட்டம் இந்த ஓட்டைகளில் ஒன்றை அடைத்திருக்கிறது. சர்க்கரை குறைக்கப்பட்டது என்று போட வேண்டுமானால், அந்தப் பொருளின் மொத்தக் கலோரி வழக்கமான பொருளைவிடக் கூடக் கூடாது. சர்க்கரையை எடுத்துவிட்டுக் கொழுப்பையும் மாவையும் திணித்து, முகப்பில் பெருமை பேச அங்கே இடமில்லை. மற்ற நாடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி இது.

அளவை எதற்கு எதிராக எடுக்கிறோம் என்பதிலும் ஒரு கண் வேண்டும். அமெரிக்க விதிகள் ‘ஒரு முறை உண்ணும் அளவு’ என்பதை அடிப்படையாகக் கொண்டவை. அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளலாம். டிக் டாக் மிட்டாய் ஒன்றின் எடை 0.49 கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரை. ஒரு மிட்டாய்தான் ஒரு முறை உண்ணும் அளவு என்று கணக்கு வைத்ததால், விவரச்சீட்டில் சர்க்கரை 0 கிராம். சமையலுக்குத் தெளிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேக்களின் கதையும் அதுதான். டப்பாவுக்குள் இருப்பது எண்ணெய். ஒரு நொடிக்கும் குறைவாகத் தெளித்தால் கால் கிராம் விழும். அதனால் கொழுப்பு 0, கலோரி 0. தோசைக்கல்லில் அப்படிக் கண் இமைக்கும் நேரம் மட்டும் தெளித்துவிட்டு நிறுத்துபவர் யார்?

இந்திய விதிகளில் ஊட்டச்சத்து விவரம் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு இவ்வளவு என்று வருகிறது. இது நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. இரண்டு நிறுவனங்களின் பிஸ்கட்டுகளை, இரண்டு வகை நூடுல்ஸை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவுகோலில் பார்க்க முடியும். முகப்பில் எந்தப் பெயரடை இருந்தாலும் அந்தப் பட்டியலில் இருப்பது வெறும் எண்.

குறைப்பைச் சொல்லும் பெயரடைகளில் மிகக் கொடிய விளைவை ஏற்படுத்தியது உணவில் அல்ல, சிகரெட் பெட்டியில். ‘லைட்’, ‘மைல்ட்’, ‘லோ டார்’ என்ற சொற்கள் பல பத்தாண்டுகள் அங்கே இருந்தன. இயந்திரத்தில் பொருத்தி அளந்தால் அந்தச் சிகரெட்டுகளில் தார் குறைவாகத்தான் வந்தது. வடிகட்டியைச் சுற்றி ஊசித்துளைகள் இட்டு, உள்ளே போகும் புகையோடு வெளிக்காற்று கலக்கும்படி செய்திருந்தார்கள். இயந்திரத்துக்கு விரல் கிடையாது, உதடும் கிடையாது. மனிதர் பிடிக்கும்போது அந்தத் துளைகள் விரலாலும் உதட்டாலும் மூடிக்கொள்கின்றன. நிகோட்டின் போதாத உடல் இன்னும் ஆழமாக இழுக்கிறது, அடிக்கடி இழுக்கிறது. நுரையீரலுக்குப் போன நஞ்சு குறையவே இல்லை. விட்டுவிடலாம் என்று நினைத்த எத்தனையோ பேர், விடாமல் ‘லைட்’டுக்கு மாறினார்கள்.

2006-ல் அமெரிக்க மாவட்ட நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், புகையிலை நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்து, இந்தச் சொற்களைப் பயன்படுத்தத் தடை விதித்தார். ஐரோப்பாவில் 2003-லேயே தடை வந்துவிட்டது. 2009-ல் இயற்றிய சட்டத்தின்படி 2010 ஜூன் 22 முதல் அமெரிக்கப் பெட்டிகளில் இவை இல்லை. இந்தியாவும் பெட்டிகளில் இவற்றைத் தடைசெய்திருக்கிறது. ஆனால் சொல்லை எடுத்ததும் நிறம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ‘மார்ல்பரோ லைட்ஸ்’ அமெரிக்காவில் ‘மார்ல்பரோ கோல்ட்’ ஆனது. பழைய ஆட்களுக்குப் பொன்னிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனையும் படித்துவிட்டு, குறைப்பு என்றாலே பித்தலாட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உப்பு அதற்கு நல்ல சாட்சி.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் கீழே போதும் என்கிறது. அது 5 கிராம் சமையல் உப்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் என்று உண்ணும் வீடுகளில் அது காலையிலேயே முடிந்துவிடும். சீனாவின் கிராமப்புறங்களில் 600 கிராமங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டிய ரத்தக்கொதிப்புக்காரர்கள், 20,995 பேர். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு தொடர்ந்தது. மீதியில் 75 சதவீதம் சாதா உப்பும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மாற்று உப்பு உண்ட கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும் மரணம் 12 சதவீதமும் குறைந்திருந்தன. 2021-ல் வெளிவந்த இந்த முடிவுகள் மருத்துவ உலகில் பெரிய செய்தி. சமையல் முறை மாறவில்லை, ருசி அதிகம் மாறவில்லை, உப்பு டப்பா மட்டும் மாறியது.

2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுச் சமையலுக்குச் சோடியம் குறைந்த உப்பைப் பரிந்துரைத்தது. கூடவே ஓர் எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம் இருக்கிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாவிட்டால் இதயத்துக்கு ஆபத்து. ரத்தக்கொதிப்புக்கான சில மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். ‘லோ சோடியம்’ டப்பாவை வாங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது அதனால்தான் அவசியம். இங்கேயும் அதே கேள்விதான் உயிர்காக்கிறது: எடுத்த இடத்தில் என்ன?

நம் ஊரில் இந்தப் பெயரடைகளை அதிகம் நம்புபவர்கள் சர்க்கரை நோயாளிகள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. அந்த வீடுகளில் விருந்தாளி வாங்கி வருவது ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட். சேர்த்த சர்க்கரை அதில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிஸ்கட்டில் பாதிக்கு மேல் மாவு. மைதாவோ கோதுமையோ, அந்த மாவுச்சத்து வயிற்றுக்குள் போய் குளுக்கோஸாகத்தான் மாறும். தேநீரில் சர்க்கரை போடாத தாத்தா, சுகர் ஃப்ரீ என்ற தைரியத்தில் ஆறு பிஸ்கட் தொட்டுத் தின்றால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆகவே முகப்பைப் பார்த்தவர் பின்பக்கத்தையும் திருப்ப வேண்டும். இந்திய விதிப்படி சேர்மானங்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக இருக்கும். முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் அந்தப் பொருள் என்னவென்று புரிந்துவிடும். ‘ஆடட் ஷுகர்ஸ்’ என்று சேர்த்த சர்க்கரை தனி வரியில் வரும். கார்போஹைட்ரேட் மொத்தம் எவ்வளவு என்பது நீரிழிவுக்காரருக்கு அதைவிட முக்கியமான வரி. ஒரு பரிமாறலில் ஒரு நாள் தேவையின் எத்தனை சதவீதம் போய்விடுகிறது என்பதும் அங்கேயே இருக்கும். 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்பவைதான் அந்தக் கணக்கின் நாளளவு. பிறகு அதே நிறுவனத்தின் சாதாரண வகையைப் பக்கத்தில் எடுத்து 100 கிராம் பத்தியை ஒப்பிட வேண்டும். ‘ரெட்யூஸ்டு’ வகைக்குக் கூடுதலாகக் கேட்கும் பத்து இருபது ரூபாய்க்கு அங்கே பதில் கிடைக்கும்.

ஆனால் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்? எழுத்து கடுகளவு, மொழி ஆங்கிலம், கடையில் பின்னால் வரிசை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கும் ஆங்கிலம் படிக்காத தாய்க்கும் பின்பக்கப் பட்டியல் இருந்தும் இல்லாததுதான்.

சிலி நாடு 2016-ல் இதற்கு வேறு வழி எடுத்தது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது வரம்பை மீறினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் ஒன்று ஒட்ட வேண்டும். சாலையில் நிற்கச் சொல்லும் பலகையின் வடிவம். அதற்குள் எது அதிகம் என்று சில சொற்கள் மட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கறுப்பு முத்திரை எத்தனை என்று எண்ணத் தெரியும். குறைத்ததை நிறுவனம் கூவுகிறது. மிஞ்சியிருப்பதை அரசு சொல்ல வைக்கிறது. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் சிலியைப் பின்பற்றின.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, எச்சரிக்கைக்குப் பதிலாக அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் முறையை முன்வைத்தது. நார்ச்சத்தும் புரதமும் பழமும் சேர்த்தால் மதிப்பெண் ஏறும். சர்க்கரை மிகுந்த ஒரு தானிய உணவு, கொஞ்சம் நாரைச் சேர்த்துக்கொண்டு கூடுதல் நட்சத்திரம் வாங்கிவிட முடியும் என்பதால் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்தன. முன்பக்க எச்சரிக்கை கேட்கும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நீரிழிவில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டுக்கு நட்சத்திரத்தைவிடக் கறுப்பு முத்திரைதான் பொருத்தம். அதில் அச்சாகும் சொல் அந்தந்த மாநில மொழியிலும் இருந்தாக வேண்டும்.